இலவசக் குளிசையும் என் பஸ் காசும்

இலங்கையில் வைத்தியம் இலவசம். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நான் பிறந்தது இலவசம், எனக்கு ஊசி போட்டது இலவசம், மாமரத்தில் இருந்து விழுந்து கை முறிந்தபோது மாக்கட்டுப் போட்டதும் இலவசம். இப்போது பிரசர் வந்திருக்கிறது, அதற்குக் குளிசையும் இலவசம். ஆனால் அந்தக் குளிசையை ஆஸ்பத்திரியில் இருந்து இறக்கக்கண்டியில் உள்ள என் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற செலவு இருக்கிறதே, அதை எந்த அரசாங்கமும் இன்றுவரை பொறுப்பேற்கவில்லை. போகும்போது பஸ் காசு. திரும்பும்போது ஓட்டோக் காசு, ஏனென்றால் விடியப்புறம் தொடங்கி நின்ற கால் பஸ் படியில் ஏறாது. இடையில் பிளேன்ரீ, உளுந்துவடை. பக்கத்தில் நிற்கிறவர் தெரிந்தவராகத்தான் இருப்பார், அவருக்கும் பிளேன்ரீ, உளுந்துவடை. இதற்கு மேல், "அந்தப் பக்கம்தானே போறியள், அப்படியே..." என்று மனைவி கையில் திணிக்கிற சாமான் துண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் குளிசைக்குத் தங்க முலாமே பூசியிருக்கலாம்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அடுத்த மாதமும் நான் அங்கேதான் போகவேண்டும்.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போகாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று விட்டுப்போகாத வருத்தம் பிடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற அதே கொப்பிதான். மேலே பிரவுண் கடதாசி உறை, அதற்கு மேலே பொலித்தீன் பை. மாதம் ஒருமுறை கொண்டுபோனால் டொக்டர் பார்த்து எழுதுவார், கவுண்டரில் ஒரு மாதத்துக்கான மருந்து எண்ணித் தருவார்கள். வெள்ளாப்பில் வருகிறவர்கள் வாசல் வாங்கில் கொப்பியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, எங்கேயாவது நிழலில் குந்தியிருப்பார்கள். வரிசையில் நிற்பது கொப்பி, நாங்கள் அல்ல. நல்ல ஏற்பாடு.

ஒருநாள் நான் சேவலுக்கு முன்னால் எழும்பி, நிலாவெளி றோட்டில் நாய்கள் மட்டும் நடமாடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்து, வெறும் வாங்கில் முதலாவது கொப்பியாக என் கொப்பியை வைத்தேன். அப்படியொரு பெருமை எனக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைப்பதில்லை. வந்த ஒவ்வொருவரும் என் கொப்பிக்கு மேல் தங்கள் கொப்பியை வைப்பதை ஒரு பெரிய மனுஷன்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஒருவர் வந்தார், கல்லை எடுத்தார், அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனார், மேலே இருந்த கொப்பியில் இருந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார். அன்றைக்கு அந்தக் கிளினிக்குக்கு முதல் ஆளாக வந்தவனும் நான்தான், கடைசி ஆளாகப் போனவனும் நான்தான்.

இதில் மாமிக்கும் அதே நாளில் கிளினிக். ஒரே ஓட்டோவில் போய்வந்தால் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டு நாள் மாற்றி எடுத்தது நானேதான். உள்ளே போனதும் மிஸ்ஸி கையில் பட்டியைச் சுற்றிப் பிரசர் பார்த்தார். கூடியிருந்தது. கூடாமல் என்ன செய்யும், கொப்பி விவகாரம் அப்போதுதானே நடந்து முடிந்தது. இளம் டொக்டர் ஒருவர், நல்ல மரியாதையான பிள்ளை, "ஐயா, உப்பைக் குறைச்சிட்டீங்கள்தானே?" என்று கேட்டார். "ஓம், அறவே இல்லை" என்றேன். பின் கதிரையில் இருந்த மாமி, "டொக்டர் மகன், இவர் நேற்று இரவும் கருவாட்டுக் குழம்பு இரண்டுதரம் விட்டுச் சாப்பிட்டவர்" என்றார். குச்சவெளிக் கரையில் காயவைத்த கருவாடு என்ற விபரத்தையும் சேர்த்துச் சொன்னார். டொக்டர் ஒன்றும் பேசாமல் ஒரு குளிசையை இரண்டாக்கி எழுதினார்.

பேத்திக்கு இருமல் வந்தபோது நடந்ததை நினைத்தால் இன்னும் மோசம். பாணி மருந்துக்குப் போத்தல் நாங்களே கொண்டுபோகவேண்டும் என்பது பல ஆஸ்பத்திரிகளில் பழகிப்போன விசயம். மூடியோடு கழுவிக் காயவைத்த போத்தல் ஒன்று கேட்டேன். மனைவி நல்லெண்ணெய்க்கு என்று எடுத்துவைத்திருந்த ஒன்றைப் பைக்குள் போட்டுத் தந்தாள். நான் திறந்து பார்க்கவில்லை. கவுண்டர் யன்னலுக்குள் அதை நீட்டியபோதுதான் தெரிந்தது, அது சாராயக் கால் போத்தல், லேபல் பாதி உரிந்தும் உரியாமலும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஊரில் என்னை மதிக்கிறவர்கள். அதில் ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், இன்னொருவர் கோயில் தர்மகர்த்தா. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டருக்குள் இருந்தவர் மட்டும், "பிள்ளைக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். நான் குடிக்கிற ஆள் இல்லை. அதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

இவ்வளவும் பட்டு வருகிற மருந்தில் சிலநேரம் ஒன்று குறையும். "இது இல்லை, வெளியில எடுங்கோ" என்று ஒரு துண்டு தருவார்கள். முன்பு எப்போதாவது நடந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது துண்டு கிடைப்பது வழக்கமாகி, மருந்து கிடைப்பது செய்தியாகிவிட்டது. எங்கள் நாட்டு மருந்தில் பெரும்பங்கு வெளியில் இருந்து வருவது. டொலர் இல்லையென்றால் குளிசையும் இல்லை. அந்த வருசம் மார்ச்சில் ஒருதரம், ஏப்ரலில் இன்னொருதரம் மருந்து விலையை ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் இருந்து அரிசி, பால்மாவோடு மருந்தும் கப்பலில் வந்தது. அந்தக் காலத்தில் சந்திப் பாமசிக்குப் போய், "முழுக் கார்ட் வேண்டாம் தம்பி, ஐந்து குளிசை வெட்டித் தாரும்" என்று கேட்காத பெரிய மனுஷன் எங்கள் பக்கத்தில் இல்லை.

அந்தப் பாமசித் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் யாருக்குச் சீனி, யாருக்கு மூலம், யாருக்கு நித்திரை வராது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் வெளியில் விடமாட்டார். ஒருமுறை அவரோடு விலைக்குச் சண்டைக்குப் போனேன். 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு அரசாங்கம் உச்சவிலை போட்டு வர்த்தமானி வெளியிட்டது எனக்கு நல்ல ஞாபகம், பேப்பரில் வந்ததை வெட்டியும் வைத்திருந்தேன். "தம்பி, வர்த்தமானி தெரியுமோ உமக்கு?" என்று குரலை உயர்த்தினேன். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அமைதியாக, "தெரியும் ஐயா, நீங்கள் கேக்கிறது எந்த மருந்து?" என்றார். துண்டைப் பார்த்தேன். டொக்டரின் எழுத்து. தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, இலவசமாக வந்த மருந்தையாவது வீட்டில் மதிக்கிறார்களா என்றால், அங்கேதான் கதை. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குத் தருகிற பரசிட்டமோல் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும். போனது போனதுதான். மனைவிக்குத் தலையிடி என்றால், "இஞ்சேருங்கோ, சந்திக்குப் போய் ரெண்டு பனடோல் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பாள். "டின்னுக்குள்ள அதே மருந்து குவிஞ்சு கிடக்கே!" என்பேன். "அது ஆஸ்பத்திரிக் குளிசை, கேக்காது" என்பாள். இரண்டும் பரசிட்டமோல், இரண்டும் 500 மில்லிகிராம், ஒன்று காசுக்கு, ஒன்று சும்மா. சும்மா கிடைத்தது கேட்காதாம்.

இந்த வாதத்தை என் வீட்டில் நடப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே ஒரு மனுஷன் நாட்டோடு நடத்தியிருக்கிறார். பேராசிரியர் சேனக பிபிலே, 1920இல் பிறந்தவர், இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். ஒரே மருந்துக்குக் கம்பனிக்கொரு பெயர், பெயருக்கொரு விலை என்று இருந்ததைப் பார்த்து, மருந்தை அதன் சொந்தப் பெயரில் எழுதுங்கள், அந்தப் பெயரிலேயே உலகம் முழுக்கக் கேள்விமனுக் கோரி, தரமானதை மலிவாக வாங்குங்கள் என்றார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் சேர்ந்து அறிக்கை கொடுத்தார்கள். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது, அவர்தான் முதல் தலைவர். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த 2,100 வகை மருந்தை 600 அளவுக்குச் சுருக்கினார்கள். கம்பனிகளுக்கு எப்படிப் பிடித்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 1977இல் கயானாவில், ஐக்கிய நாடுகள் வேலையாகப் போயிருந்த இடத்தில் காலமானார். உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். நாங்கள் ஒசுசல என்று சொல்கிறோமே, அந்த அரச மருந்துக்கடைகள் அவருடைய கூட்டுத்தாபனத்தின் பிள்ளைகள். விலை நியாயமாக இருக்கும். ஆனால் அங்கேயும் காசுதான், இலவசம் ஆஸ்பத்திரிக் கவுண்டரோடு முடிந்துவிடும்.

இவ்வளவையும் ஒருநாள் இரவு மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எனக்கே ஆச்சரியம். முடிவில், "அந்தப் பேராசிரியர் உயிரோட இருந்து எங்கட வீட்ட தலையிடியோட வந்தாலும், நான் அவருக்குப் பனடோல்தான் குடுப்பன்" என்றாள். சொல்லிவிட்டு, எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியதைப் பார்த்து இரண்டு எடுத்துத் தந்தாள்.

இந்த நிலைமையில் மனைவியின் தம்பி கிளாஸ்கோவில் இருந்து கோல் எடுப்பான். "அத்தான், இஞ்ச எங்களுக்குச் சின்ன வருத்தம் எண்டா டொக்டரே தேவையில்ல. நேர பாமசிக்குப் போய்ச் சொன்னாச் சரி, பார்த்து மருந்து தருவாங்கள். ஒரு சதம் இல்ல." முதலில் வெளிநாட்டுப் புளுகு என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் உண்மை. ஸ்கொட்லாந்தில் சிறு வருத்தங்களுக்குப் பாமசியில் இலவச மருந்து கொடுக்கும் முறை 2006இல், கட்டணம் கட்டத் தேவையில்லாதவர்களுக்கு என்று தொடங்கியது. 2011 ஏப்ரலில் டொக்டர் எழுதித் தருகிற மருந்துக்கும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2020 ஜூலையில் இருந்து, அங்கே டொக்டரிடம் பதிந்த யாரும் சந்திப் பாமசிக்குப் போய்த் தன் சிறு வருத்தத்தைச் சொல்லலாம். பாமசிக்காரர் பார்த்து, மருந்து தேவையென்றால் தருவார், புத்திமதி போதுமென்றால் அதைத் தருவார், பெரிய விசயம் என்றால் டொக்டரிடம் அனுப்புவார். கணக்கை அரசாங்கம் பாமசிக்குக் கட்டிவிடும். இதே ராச்சியத்தில் லண்டனில் இருக்கிற அண்ணி டொக்டரின் துண்டோடு போனால் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் கட்டுகிறார். ஆகவே மச்சான் கோல் எடுக்கும்போதெல்லாம் அண்ணியையும் சேர்த்து எடுப்பான், கேட்கட்டும் என்று.

போன மாதம் அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து பேன் தொற்றிவிட்டதாம். பாமசிக்குப் போனார்கள், பேன் மருந்து இலவசம். அதை ஏதோ பட்டம் வாங்கினதுபோல எனக்குச் சொன்னான். நான் அப்போதுதான் பிரசர் குளிசைக்கு ஓட்டோக் காசு கொடுத்துவிட்டு வந்து இருந்தேன். அவனுடைய மகளின் பேனுக்குக்கூட ஒரு அரசாங்கம் இருக்கிறது.

எங்கள் நாட்டில் முடியாது என்று சொல்லாதீர்கள். எங்கள் அரசாங்கத்துக்கும் காசு வாங்கிப் பார்த்து, சரிவராமல் விட்ட அனுபவம் இருக்கிறது. 1951இல் இருந்து ஆஸ்பத்திரியில் காசு இல்லை. 1971இல் வெளிநோயாளர் பிரிவுக்கு 25 சதம் என்று போட்டார்கள், 1977இல் எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு வருசமும் எங்கள் அப்பா அந்த 25 சதத்தைக் கட்டமாட்டேன் என்று வீம்பு பிடித்து, வந்த காய்ச்சலுக்கெல்லாம் மல்லித்தண்ணி குடித்தார். எங்களுக்கும் தந்தார். எனக்கு இன்றைக்கும் மல்லி மணத்தால் நெற்றி சுடும்.

2020இல் நடந்தது இன்னும் பெரிய விசயம். மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்கு. கிளினிக் இல்லை, பஸ் இல்லை. அப்போது சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் நோயாளரின் மருந்தைத் தபால்காரர் கையில் வீட்டுக்கே அனுப்பின. நம்புங்கள், என் பிரசர் குளிசை சைக்கிளில் என் படலைக்கு வந்தது. தபால்காரர் உறையை ஒட்டியபடியே, பெயரை மட்டும் பார்த்து, மரியாதையாகத்தான் தந்தார். என் மனைவிதான் படலையில் நின்று, "இஞ்சேருங்கோ, உங்கட பிரசர் மருந்து வந்திருக்கு! மூலத்துக்கு எழுதினதும் சேர்த்து வருதோ எண்டு கேக்கட்டோ?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். ஊரடங்கு நேரம், றோட்டில் ஒரு சத்தமும் இல்லை. பாலத்தடிக்கு அந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டு இருந்தவர்கள்வரை கேட்டிருக்கும். அதுவரை என்னைக் கண்டால் "எப்படி மாஸ்டர்" என்று மட்டும் கேட்டவர்கள், ஊரடங்கு எடுத்தபிறகு "இப்ப இருக்க ஏலுதோ மாஸ்டர்" என்று கேட்டார்கள்.

ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே இலவச மருந்து உண்மையில் இலவசமாக வந்தது அந்த நாட்களில்தான். பிளேன்ரீ இல்லை, வடை இல்லை, ஓட்டோ இல்லை. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி, பிரசர், சீனி மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்கள் அதைத் திட்டமாக்கிவிட்டார்கள். நாங்கள் ஊரடங்கு எடுத்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வாங்கடிக்குப் போய்விட்டோம்.

எதிர்ப்பக்க நியாயமும் எனக்குத் தெரியும். அரசாங்கம் என்னைப்போன்ற ஆட்களை நம்பிப் பாமசிக் கதவைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின் சாட்சி. போன தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அதைக் கொட்டிப் பார்த்தோம். திகதி முடிந்த பரசிட்டமோல், பாதி தின்ற பிரிட்டோன் கார்ட், ஜீவனிப் பக்கெற்றுகள், ஒருவருக்கும் யாருடையதென்று தெரியாத மஞ்சள் குளிசை. மாமி அதில் ஒன்றை எடுத்து, "இது நல்ல குளிசை, எறியாதையுங்கோ" என்றார். எதற்கு நல்லது என்று கேட்டோம். "ஆர் கண்டது, நல்லது" என்றார். ஆகவே எல்லா மருந்தையும் எல்லாருக்கும் அள்ளிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. டொக்டர் எழுதிய கொப்பி இருக்கிறது, சந்தியில் பதிந்த பாமசிக்காரர் இருக்கிறார், எங்கள் வருத்தம் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். கொப்பியை அவரிடம் காட்டினால் அந்த மாத மருந்தை எண்ணித் தரட்டும், கணக்கை ஆஸ்பத்திரி அவருக்குக் கட்டட்டும். டொக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நிலையில் உள்ளவர்களுக்காவது இதைச் செய்யலாம். டொக்டருக்கும் கூட்டம் குறையும், வாங்குக்கும் பாரம் குறையும்.

சுகாதார அமைச்சில் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். முதலில் பிரசர், சீனி இரண்டுக்கும் மட்டும், குச்சவெளிப் பிரதேசத்தில் மட்டும் செய்து பாருங்கள். பனடோலை விட்டுவிடுங்கள். அது எங்கள் வீட்டு விவகாரம், அதில் அரசாங்கம் தலையிட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை.